மூன்று மிளகு

முரளி,

உட்கார்ந்து படி. பாதியில் கசக்கி எறிந்துவிட்டு எழுந்து போகிற ஆள் நீ. அந்தக் குணம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது, அதனால் எனக்குத் தெரியும். நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டியே வந்து சொல்லிவிட்டாள். கேளம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, செங்கல்பட்டில் இந்த ஒற்றை அறையைத் தேடிக் கண்டுபிடித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அழுதாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்தும் பிள்ளையே வேண்டாம் என்கிறாயாம். ஏன் ஏன் என்று அவள் குடைந்ததில், "நான் என் தங்கச்சியக் கொன்னவன், என் கைல ஒரு கொழந்தயக் குடுக்காத" என்று சொன்னாயாம். "அத்த, நெசமாவே அவர்தான் காரணமா? நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்போது நான் அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமலே "ஆமா" என்றேன்.

அது பொய். உனக்குப் பதிமூன்று வயதிலிருந்து நான் சொல்லிக்கொண்டு வருகிற பொய். சொல்லிச் சொல்லிப் பழகியதில், மாவு கரைக்கிற கை தானாக உப்பைத் தேடிப் போகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. அனிதா நான் ஊற்றி வைத்த ரசத்தைத் தொடவில்லை. மதுராந்தகத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. நான் சொன்ன அந்த "ஆமா"வைத் திரும்ப வாங்கத்தான் இத்தனை தாள் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் அழுவேன், நீ இரக்கப்படுவாய், விஷயம் கெட்டுப் போகும்.

எல்லாம் மிளகில் தொடங்கியது, அதனால் மிளகைப் பற்றியே முதலில் சொல்கிறேன். நீ உன் வீட்டில் மிளகே இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறாயாம், பொங்கலில்கூடப் பொறுக்கி எறிகிறாயாம், அனிதா சொன்னாள். கல்பாக்கத்தில் காண்டிராக்ட் கேன்டீனில் நான் சமையலுக்குச் சேர்ந்தபோது உனக்கு ஐந்து வயது. திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர் என்று ஜில்லாவுக்கு ஒருவர் அங்கே சாப்பிடுவார்கள், ஒருவர் நாக்கு இன்னொருவருக்கு ஒத்துவராது. அத்தனை பேரையும் ஒரே வரிசையில் கையேந்த வைத்தது என் மிளகு ரசம்தான். சதுரங்கப்பட்டினத்து நண்டு வந்தால் மிளகாயைத் தொடவே மாட்டேன், மிளகும் பூண்டும் மட்டும் தட்டிப் போடுவேன். கடைக்காரன் பப்பாளி விதையைக் கலந்து கொடுத்தால் தண்ணீரில் போட்டுக் காட்டி அவன் கடை வாசலிலேயே மானத்தை வாங்குவேன், நல்ல மிளகு மூழ்கும், விதை மிதக்கும். கண்ணாடி போட்ட ஒரு பெரிய ஆபீசர் ஒருநாள் டம்ளரை நீட்டிக்கொண்டே, "யம்மா, உங்க ரசம் இருக்கச்சொல்ல எங்களுக்கு இன்னாத்துக்கு மாத்திர?" என்று சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன், அதுதான் வினை.

அப்புறம் நம் புதுப்பட்டினத்து வரிசை வீடுகளில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் என்னிடம்தான் வந்தார்கள். மிளகு கெட்டது இல்லை முரளி, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சளி கட்டினால் துளசியும் மிளகும் கொதிக்க வைத்துக் குடித்தால் இளகும். மஞ்சளும் மிளகும் போட்ட பால் தொண்டைக்கு இதம். காய்ச்சல் விட்டபின் செத்துக் கிடக்கிற நாக்கை மிளகு ரசம் எழுப்பிவிடும், பசி எடுக்கும், மந்தமான வயிறு வேலை செய்யும். வயிற்றுப் புண் இருக்கிறவர்களுக்கு ஆகாது, அவர்களுக்கு நான் கொடுத்ததில்லை. எது கடித்தது என்று தெரியாமல் உடம்பில் தடிப்புத் தடிப்பாக வந்தால் காணாக்கடி என்போமே, அதற்கு வெற்றிலையில் மிளகை மடித்துக் கொடுப்பேன். பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தானாகவே சரியாகியிருக்கும், பேர் எனக்கு வந்தது. மிளகுக்காரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் வயலில் நாற்று நட்ட வீட்டில் பிறந்தவளுக்கு, அந்தப் பேர் எவ்வளவு இனித்தது என்று உனக்குப் புரியாது.

ஊருக்கு மருந்து கொடுத்த அந்த மிளகு டப்பாவேதான் உங்களுக்குத் தண்டனை டப்பா. பொய் சொன்னால் மூன்று மிளகு. நாக்கில் வைத்து, நான் பார்க்க, கடித்து மெல்ல வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் சொம்பைக் கொடுப்பேன். அக்கம்பக்கத்தில் கரண்டியைச் சுட வைத்தார்கள், மிளகாய்ப் புகை போட்டார்கள், நான் மருந்தைத்தானே கொடுக்கிறேன், உடம்புக்கும் நல்லது, புத்திக்கும் நல்லது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உன் தங்கச்சி வாணிக்கு நான்கு வயதில் முதல் தடவை கொடுத்தேன், சர்க்கரை டப்பாவில் கை விட்டுவிட்டு இல்லை என்றாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வீடு பூராவும் ஓடினாள். நான் சிரித்தேன். உன் அப்பா ஸ்டாஃப் பஸ் ஓட்டிவிட்டு வந்து களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார், அவரும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்காமல் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாய், அதற்கும் உனக்கு மூன்று கொடுத்தேன்.

பிள்ளைகளை அடக்கினால் அவர்கள் நல்லவர்களாவதில்லை, கெட்டிக்காரர்களாவார்கள், அவ்வளவுதான். உன் அம்மா எது சொன்னாலும் தள்ளிவிடு, இதை மட்டும் வைத்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரர்களானீர்கள். மிளகைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கி, கடித்த மாதிரி முகத்தைச் சுருக்கி, கையை உதறி, காரம் காரம் என்று குதித்து, அப்புறம் போய்த் துப்பிவிடுகிற வித்தையை நீ அவளுக்குக் கற்றுக்கொடுத்தாய். எனக்கு அப்போது தெரியாது. வாணிக்கு வரவர மிளகு சீக்கிரம் உறைக்கிறது, திருந்துகிறாள் என்று நினைத்தேன்.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது, ஆனால் நான் எழுத வேண்டும். ஐப்பசி மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. உன் அப்பா விடியும் முன்பே பஸ் எடுக்கப் போய்விட்டார். நான் எட்டு மணிக்குக் கேன்டீனில் நிற்க வேண்டும், டில்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நண்டு மிளகு என் பொறுப்பு. வெந்நீர் அடுப்புக்கு சவுக்கு மெலாறு எடுத்து வா என்று வாணியைக் கொல்லைக்கு அனுப்பினேன். மழையில் நனையாமல் இருக்க அந்தச் சுள்ளிக் கட்டைச் சுவரோரம் கோணி போட்டு மூடி வைத்திருந்தோம். கையை விட்டவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எம்மா, இன்னாவோ சுருக்குன்னுச்சும்மா."

"முள்ளாடி?"

"தெர்ல. வெரல்ல பாரு."

பார்த்தேன். ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, வலிக்கவும் இல்லை என்றாள். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "எம்மா, டாக்டராண்ட காட்டிக்கினு வந்துர்லாமா? நான் சைக்கிள்ல இட்டுகினு போறேன்" என்றாய். இதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். நான் மறக்கவில்லை. "நீ இன்னா பெரிய டாக்டரா? ஊருக்கே நான் பாக்கறேன், என் வூட்டுக்கு நான் பாக்க மாட்டனா?" என்று உன் மேல் எரிந்து விழுந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, எது கடித்தாலும் மிளகைக் கடிக்கச் சொல்வோம். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை, காரம் தெரியாவிட்டால் ஏறிவிட்டது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நான் டப்பாவைத் திறந்து மூன்று மிளகை வாணியின் நாக்கில் வைத்தேன். அந்தக் குழந்தைக்கு என் கையிலிருந்து வருகிற மூன்று மிளகுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். கன்னத்தில் ஒதுக்கினாள், முகத்தைச் சுருக்கினாள், கையை உதறினாள். "காரம்மா! ஐயோ காரம்! வுடும்மா!" என்று குதித்தாள். குதிக்கும்போதே உன்னைப் பார்த்துக் கண்ணடித்தாள், நீ தலையைக் குனிந்துகொண்டாய், ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் விழும் என்று உனக்குப் பயம். சரி, ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்கள் என்றேன்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கேன்டீனுக்கு ஆள் வந்தது. பெஞ்சில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள், எழுப்பினால் இமை தூக்க மாட்டேன் என்கிறது என்றார்கள். பக்கத்து டாக்டர் இமையை விரலால் தூக்கிப் பார்த்ததுமே, "கட்டுவிரியன்மா, கடிச்சா வலிக்காது, செங்கல்பட்டுக்கு ஓடுங்க" என்றார். வாடகை ஜீப்பில் அவள் என் மடியில் இருந்தாள். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் எச்சில் விழுங்க முடியவில்லை, பேச வாய் வரவில்லை, கண் மட்டும் இமைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை. அவளுக்கு எட்டு வயது முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் இலையில் உட்காரும் நேரத்தில் நீ என்னிடம் வந்தாய். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்து கண் உள்ளே போயிருந்தது. "எம்மா, அவ கடிக்கலம்மா. கன்னத்துல வெச்சிகினு இருந்தா. நான் பாத்தேன். நான்தான் அப்டி செய்யச் சொல்லிக் குடுத்தேன்" என்றாய். எத்தனை தைரியம் வேண்டும் அதற்கு. என் காலைக் கட்டிக்கொள்ள வந்த பிள்ளையை உதறிவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "அப்ப நீதான்டா அவளக் கொன்ன!" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய் டப்பாவிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளி உன் வாயில் அடைத்தேன். நீ துப்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் கடித்து மென்றாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

உன் அப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அன்றைக்கு உன்னிடம் பேச்சை நிறுத்தியவர்தான். நீ ஸ்கூலில் முதலாவதாக வந்தாய், இன்ஜினீயரிங் சேர்ந்தாய், முதல் சம்பளத்தில் வேட்டி சட்டை எடுத்து வந்தாய், பிரித்துப் பார்க்காமல் பீரோவில் வைத்தார். உன் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பு சாகிறபோதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார், நீ கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாய். ஒரு வார்த்தையில் நான் அதை மாற்றியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இரண்டு இருக்கிறது. முதலாவது, அன்றைக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலேயே சின்ன வயது டாக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போது கடித்தது, என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். மிளகு கொடுத்துப் பார்த்தேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டார். "அம்மா, ஒடம்புல வெஷம் இருந்தாலும் நாக்குக்குக் காரம் தெரியும். அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. இன்னொரு கொழந்தைக்கு இத செஞ்சிடாதீங்க" என்றார். ஆக, வாணி மூன்றையும் நன்றாகக் கடித்திருந்தாலும் காரம் என்றுதான் சொல்லியிருப்பாள், நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பியிருப்பேன். நீ கற்றுக்கொடுத்த வித்தையாலும் ஒன்றும் ஆகவில்லை, நீ வாயை மூடிக்கொண்டதாலும் ஒன்றும் ஆகவில்லை. பதினாறாம் நாள் உன் வாயில் மிளகை அடைத்தபோது இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடைத்தேன்.

இரண்டாவதை இதுவரை ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் காலையில், நீங்கள் கிளம்புவதற்கு முன்னால், பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டக் கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று மிளகு கிடந்தது. எச்சில் ஈரத்தோடு, முழுசாக, ஒன்றில்கூடப் பல் படவில்லை. பார்த்த அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது நான் அந்தப் பரிசோதனையைச் சாமி வாக்கு மாதிரி நம்பினவள். என் நம்பிக்கைப்படியே பார்த்தாலும், சோதனை நடக்கவே இல்லை, அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அவள் வாசலில்தான் நின்றாள். நீ அவள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாய், அவள் ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாணி என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

கொடுக்கவில்லை. மணி ஏழே முக்கால், கேன்டீனில் நண்டு காத்துக்கொண்டிருந்தது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்குக் கோபம். எட்டு வயசுப் பொட்டச்சி என்னை ஏமாற்றிவிட்டாள் என்ற கோபம். "இர்றி, சாய்ங்காலம் வூட்டுக்குத்தான வருவ, மூணுக்கு ஆறா கடிக்க வெக்கிறேன்" என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, கையில் இருந்த தண்ணீரை அந்த மூன்று மிளகின் மேலேயே ஊற்றினேன். உருண்டு சாக்கடையில் விழுந்தன. பாம்பு கடித்ததா இல்லையா என்று யோசிக்கவே இல்லை. பொய் சொன்ன பிள்ளையை எப்படித் தண்டிப்பது என்றுதான் யோசித்தேன். அப்புறம் பதினாறாம் நாள் நீயாக வந்து தலையைக் கொடுத்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை முரளி, நிம்மதி. அப்பாடா, பழியைப் போட ஒரு தலை கிடைத்துவிட்டது என்று இருந்தது. அது என் பிள்ளையின் தலை என்று தெரிந்துதான் போட்டேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், நீ அப்படிப்பட்டவன், தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் தங்கச்சிக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவன். கொடுக்காதே. இங்கே வராதே, என்னை உன் காலில் விழ விடாதே, பணமும் அனுப்பாதே. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு மதுராந்தகம் பஸ் ஏறு. அனிதாவிடம் வாயால் சொல்லாதே, நீ சொன்னால் உன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாய் என்று நினைப்பாள். என் கையெழுத்தைக் காட்டு, அவள் அப்பா அம்மாவும் உட்கார்ந்திருக்கும்போது அவளையே சத்தமாகப் படிக்கச் சொல். பந்தியில் நான் கத்தினது ஊருக்கே கேட்டது. இதுவும் நாலு பேர் காதில் விழட்டும்.

அப்புறம் பிள்ளை பெற்றுக்கொள். எனக்குக் காட்ட வேண்டாம். அது வளர்ந்து ஒருநாள் விரலை நீட்டிக்கொண்டு, "அப்பா, இன்னாவோ கடிச்சிச்சுப்பா" என்று வந்து நின்றால் ஒன்றும் கேட்காதே, எதையும் கொடுத்துப் பார்க்காதே, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அது பொய் சொன்னாலும் ஓடு. மிளகை வீட்டில் சேர்த்துக்கொள், அது உனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. மழைக்காலத்தில் குழந்தைக்குச் சளி பிடிக்கும், அனிதாவுக்கு ரசம் வைக்க வரும், வராவிட்டால் இதைச் சொல். நாலு பேருக்கு ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு, புளித்தண்ணீர் கொதித்த பிறகு போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். மிளகை நன்றாக நுணுக்கிப் போடச் சொல். ஒன்றுகூட முழுசாக இருக்கக் கூடாது. கடித்தாயா என்று அந்தக் குழந்தையை யாரும் கேட்க வேண்டாம்.

உன் அம்மா